கல்யாணம் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது?

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் நேரக் கட்டத்தைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொல்லி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். நேரக் கட்டம் என்றால் வேறொன்றுமில்லை. இணையப் படிவத்தில் "எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வைக்கிறோமே, அதுதான். நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. வீட்டில் என்னிடம் யாரும் படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதனால் நீங்கள் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பில் பால் வைத்ததை மறந்து எழுத உட்கார்ந்துவிட்டேன், பால் பொங்கி வழிந்து வீட்டுக்காரர் ஓடி வந்து அணைத்தார். பொங்கினால் நல்லதுதான் என்று அவரிடம் சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

நிரல் எழுதுவதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்குள் நான் வரப்போவதில்லை. நான் சொல்லப்போவது அந்தச் சின்னப் பெட்டியால் ஒரு பெண்ணின் கல்யாணத்தை நான் கவிழ்க்கப் பார்த்த கதை. சிரிக்கலாம், தடையில்லை. இப்போது நானே சிரிக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கு முன்னால் நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்ளுங்கள். நாமக்கல்லில் ஒரு முட்டை வியாபாரிக்கு வண்டி நேரம் கேட்கும் படிவம் செய்தேன். இருபத்து நான்கு மணிக் கணக்குதான் குழப்பமில்லாதது என்று எங்கோ படித்துவிட்டு அப்படியே வைத்தேன். அவர் கூப்பிட்டு, பதினெட்டு மணின்னு ஒண்ணு போட்டிருக்கறீங்களே, அது எங்க ஊட்டுக் கடியாரத்துல இல்லீங்களே என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். அடுத்த படிவத்தில் அறுபது நிமிடங்களையும் வரிசையாக அடுக்கி உருட்ட வைத்தேன். லாரி புக்கிங் ஆபீஸ்காரர் ஒருவர் விரலால் உருட்டி உருட்டி, நாற்பத்தைந்தைப் பிடிக்கப்போய் ஒவ்வொரு முறையும் நாற்பத்தேழில் போய் நின்றிருக்கிறார். வண்டி 7.47க்குப் புறப்படும் என்று பதிவாகிவிட்டது. இதென்ன லாரியா ரயிலா என்று டிரைவர் கேட்டாராம். இதையெல்லாம் தாண்டி நான் திருந்திவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் மண்டபம் வந்தது.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம். மண்டபத்துக்காரர் அதுவரை ஒரு டைரியில் எழுதி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் போனில் புக் பண்ணுகிறார்கள், எனக்கும் ஒன்று செய்து தாருங்கள் என்று எங்களிடம் வந்தார். நான்தான் செய்தேன். அடேயப்பா, அந்தப் படிவத்தைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமை! போன் நம்பரைப் போட்டு உள்ளே வந்தால் மூன்றே கட்டங்கள். பெயர், நிகழ்ச்சி நடக்கும் தேதி, நிகழ்ச்சி தொடங்கும் நேரம். நேரத்துக்குக் காலை, மாலை என்று தனித்தனிப் பொத்தான், அரை மணிக்கு ஒரு இடைவெளி, உருட்டல் கிடையாது. ஒரே தேதியை இரண்டு பேர் எடுக்க முடியாதபடி பூட்டும் போட்டேன். அலுவலகத்தில் ஆறு பேர் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம், ஆறு பேருக்கும் சரியாக வந்தது. வராமல் என்ன, படிவத்தைச் செய்தவர்களே உட்கார்ந்து படிவத்தைப் பரீட்சித்தால் வேறு எப்படி வரும்.

வைகாசி மாதம், நல்ல முகூர்த்தக் காலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்கிக்கொண்டிருந்தேன். மண்டபத்துக்காரர் கூப்பிட்டார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மனிதர் பயந்துபோயிருந்தார்.

"ஏனுங்க, ரெண்டு சமையக்காரங்க வந்து ஒரே அடுப்பு முன்னால நிக்கறாங்க. ரெண்டு பேருமே நாளைக்குக் கல்யாணம்ங்கறாங்க. நீங்க கொஞ்சம் வாரீங்களா?"

சேலத்திலிருந்து நாமக்கல் பஸ் பிடித்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, போனில் பதிவுகளைத் திறந்தேன். ஒரு குடும்பம் கெங்கவல்லிப் பக்கத்து விவசாயக் குடும்பம். திங்கட்கிழமை, காலை நாலரை மணி என்று போட்டிருந்தார்கள். நாலரையிலிருந்து ஆறு அவர்கள் முகூர்த்தம். இன்னொரு குடும்பம் குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி என்று போட்டிருந்தார்கள். தேதி வேறு வேறு, அதனால் என் பூட்டு வாயைத் திறக்கவே இல்லை. இரண்டு பேருக்கும் "உங்கள் பதிவு உறுதியானது, வாழ்த்துகள்" என்று செய்தி போயிருக்கிறது. பூங்கொத்துப் படம் வேறு வைத்திருந்தேன். மண்டபத்துக்காரரும் பட்டியலைப் பார்த்து, ஞாயிறு மாலை நடப்பது ஏதோ சின்ன வரவேற்பு, சீக்கிரம் முடிந்து போய்விடுவார்கள், திங்கட்கிழமைக்காரர்கள் அதற்குப் பிறகு வருவார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

உங்களுக்கு விளங்கியிருக்கும். நம் பக்கத்தில் திங்கட்கிழமை காலையில் தாலி கட்டுவதென்றால், ஞாயிற்றுக்கிழமை மாலையே பெண்ணழைப்பு, மாப்பிள்ளை அழைப்பு, வரவேற்பு, விருந்து எல்லாம் நடந்துவிடும். நிகழ்ச்சி எப்போது தொடங்குகிறது என்று நான் கேட்டேன். தறிக்காரர் வீட்டில் அது தொடங்கும் மாலையைப் போட்டார்கள். கெங்கவல்லிக்காரர்கள் தாலி கட்டும் காலையைப் போட்டார்கள். இரண்டு பேரும் ஒரே ராத்திரிக்கும் ஒரே காலைக்கும் அதே மண்டபத்தை எடுத்திருந்தார்கள். சேலத்திலேயே பிறந்து வளர்ந்தவள், என் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. இருந்தும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவுடன் எனக்கு அது மறந்துபோயிருக்கிறது.

மல்லூர் தாண்டும்போது எங்கள் மேலாளர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். பதிவைப் பார்த்துவிட்டாராம், குமாரபாளையத்துப் பெண் வீட்டில் தேதியைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள், பயனர் பிழை என்று சொல்லி நகர்ந்துவிடு என்றார். உண்மையைச் சொல்கிறேன், அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மோர் குடித்த மாதிரி இருந்தது. பயனர் பிழை. எவ்வளவு சுகமான வார்த்தை. புதுச்சத்திரம் வரும்வரை அதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

மண்டபத்தில் இறங்கினால் திருவிழா கெட்டது போங்கள். கெங்கவல்லிக்காரர்கள் முதலில் வந்ததால் சாவியை வாங்கி உள்ளே போய்விட்டார்கள். பெண்ணின் அப்பா பெரிய ஆகிருதி, மரவள்ளி போடுகிற விவசாயி, என்ன நடக்கிறதென்றே புரியாமல் எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். சமையல் கட்டில் இரண்டு கோஷ்டியும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து போட்டி போட்டு வெங்காயம் உரித்தார்கள். குமாரபாளையத்துச் சனம் தாம்பாளத் தட்டுகளோடு வாசலில் நின்றது. அவர்களுடைய மாப்பிள்ளை வீட்டார் ராசிபுரத்திலிருந்து வேனில் வந்து, விஷயம் தெரிந்ததும் இறங்க மாட்டோம் என்று வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். சுற்று வட்டாரத்தில் அன்றைக்கு ஒரு மண்டபம் காலியில்லை.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு பெண், தலையில் பாதிப் பூ வைத்து, பாதி வைக்காமல், போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். சுகன்யா, குமாரபாளையத்து மணப்பெண். அவள்தான் படிவத்தை நிரப்பியவள். பி.காம். படித்தவள், வீட்டில் வேறு யாருக்கும் இந்த வேலை தெரியாததால் அவள் கல்யாணத்துக்கு அவளே மண்டபம் பிடித்திருக்கிறாள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் உறுதிச் செய்தியைக் காட்டிக்கொண்டிருந்தாள். என் பூங்கொத்துப் படத்தை அப்போதுதான் முதன்முதலாக நான் வெறுத்தேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் வேனைவிட்டு இறங்கியிருந்தார். லாரி சங்கத்துக் கூட்டத்தில் மைக் இல்லாமல் பேசிப் பழகிய குரல். தேதி போடத் தெரியாத பிள்ளையா நாளைக்கு எங்கள் ஊட்டைப் பார்க்கப்போகிறது என்று வாசல் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். முதல் காரியமே அபசகுனம், பேசாமல் வண்டியைத் திருப்பிவிடலாம் என்றார். சுகன்யா அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அவளுடைய அப்பா, ஒல்லியான மனிதர், புதுச்சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டு நின்றவர், மாமன் பேசியதைத் தாங்க முடியாமல் மகள் பக்கம் திரும்பினார்.

"உன்னய நம்பித்தான உட்டேன் சாமி. படிக்க வெச்சதுக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்துட்ட."

அவர் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது, பார்த்துவிட்டேன். கண்ணு, ஏன் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி போட்டாய் என்று கேட்டேன். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. பெண்ணழைப்பு ஆறு மணிக்குத்தானுங்கக்கா, அப்பத்தான கல்யாணம் தொடங்குது என்றாள். அதில் என்ன தப்பு, சொல்லுங்கள் பார்ப்போம். பஸ்ஸில் வழியெல்லாம் ருசித்துக்கொண்டு வந்த அந்த இரண்டு வார்த்தை தொண்டையிலேயே செத்துப்போயிற்று.

மேடையில் ஒலிபெருக்கிக்காரர் ஹலோ ஹலோ என்று ஊதிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, ஏறிப்போய் மைக்கை வாங்கினேன். இந்தப் படிவத்தைச் செய்தது நான், தப்பு என்னுடையது, பெண்ணின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். மைக் கீச்சென்று கத்தியது. ஒருவரும் நம்பவில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு இன்னொரு பொம்பளை பரிந்து பேசுகிறாள் என்று தாய்மாமன் கையை உதறினார்.

அப்போது என் மூளையில் அது எப்படி வந்ததென்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். யோசித்துச் செய்தேன் என்று பெருமையடிக்க மாட்டேன். விடுவிடுவென்று இறங்கி, அதே படிவத்தின் பதிவில்லாத சோதனை நகலை என் போனில் திறந்து, அவர் கையில் கொடுத்தேன்.

"மாமா, உங்களுக்கே நாளைக்குக் காலையில கல்யாணம்னு வெச்சுக்கங்க. மண்டபம் புடிங்க பார்க்கலாம்."

அறுபது வயது மனிதர் வெட்கப்பட்டுவிட்டார். பக்கத்திலிருந்த பெண்கள் கிளுகிளுவென்று சிரிக்க, சிரிப்பை நிறுத்தவாவது போடுவோம் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு போட்டார். பெயரை முழுசாக, இனிஷியலோடு போட்டார். நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் சற்று யோசித்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை, மாலை ஏழு மணி என்று அழுத்திவிட்டு, மாப்பிள்ளை அழைப்பு ஏழு மணிக்குத்தானுங்க என்று எங்களுக்கு விளக்கமும் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

அப்புறம் யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை, மொத்தச் சனமும் சிரித்தது. அதோடு விட்டார்களா? கல்யாணம் எப்போதுதான் தொடங்குகிறது என்று பெரிய விவாதமே கிளம்பிவிட்டது. தாலி கட்டுவதுதான் கல்யாணம் என்றார் கெங்கவல்லிப் பெண்ணின் அப்பா. அடுப்பு மூட்டினால்தான் கல்யாணம் என்று இரண்டு சமையல்காரர்களும் முதன்முறையாக ஒரே கட்சியில் சேர்ந்தார்கள். பந்தக்கால் நட்ட அன்றைக்கே தொடங்கிவிட்டது என்றாள் ஒரு அத்தை. போட்டோக்காரர் போன மாசமே மேட்டூர் அணைப் பூங்காவில் வைத்து ஜோடியைப் படம் எடுத்துவிட்டாராம், அப்போதே தொடங்கிவிட்டது என்று அவர் சாதித்தார். விவாதத்தைக் கேட்கும் ஆசையில் வேனிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கடைசியில் பார்த்தால் வேனில் மாப்பிள்ளை மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார், அவரையும் யாரோ கையைப் பிடித்து இறக்கினார்கள். இறங்க மாட்டோம் என்று சொன்னதை ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

சண்டை தீர்ந்தது, ஆனால் மண்டபம் ஒன்றுதானே இருக்கிறது. இனி நேரத்தைப் பங்கு போட வேண்டும். கெங்கவல்லிக்காரர்கள் முகூர்த்தம் நாலரையிலிருந்து ஆறு. சுகன்யாவுக்கு ஆறிலிருந்து ஏழரை. திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. வாழ்த்து பேனர் ஒன்றைத் திருப்பிப் போட்டு, தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். மேடை யாருக்கு, எப்போதிலிருந்து எப்போது வரை. சாப்பாட்டுக் கூடம் யாருக்கு, எப்போதிலிருந்து எப்போது வரை. மணப்பெண் அறை, மாப்பிள்ளை அறை. ஒவ்வொன்றுக்கும் கிழமையை எழுதினேன், காலையா மாலையா என்று எழுத்தால் எழுதினேன். 12 என்று போட்டதை அடித்துவிட்டு நடுப்பகல் 12 என்று எழுதினேன். எழுதியதைச் சமையல்காரர்களைப் படிக்கச் சொன்னேன். இதில் காப்பி எப்போது என்று இல்லையே என்றார்கள், அதையும் சேர்த்தேன். ஒரு கோஷ்டி இரண்டு வீட்டுக்கும் காலைப் பலகாரம், இன்னொன்று இரண்டு வீட்டுக்கும் மத்தியானச் சாப்பாடு என்று அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள்.

நான் எழுதுவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மண்டபத்துக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். அது என் தலையில் குட்டின மாதிரி இருந்தது. டைரியில் எழுதிய காலத்தில் அவர் கல்யாணம் எப்போது என்று யாரையும் கேட்டதே கிடையாதாம். சாவி எப்ப வேணும், எப்பத் திருப்பித் தருவீங்க, இந்த இரண்டைத்தான் கேட்பாராம். அதைக் கேட்டிருந்தால் இரண்டு குடும்பமும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கும். படிவம் செய்யும்போது அவரிடம் நான் நிறம் கேட்டேன், மண்டபத்தின் போட்டோ கேட்டேன், பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டேன். அந்த டைரியைக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.

அன்றைக்கு மாலை ஒரே மேடையில் இரண்டு ஜோடியும் மாற்றி மாற்றி நின்றார்கள். மொய்க் கவரை மாற்றிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கில்லை. ஒரு வாத்தியார் தெரியாத ஜோடியை மனதார வாழ்த்திவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து, விஷயம் தெரிந்ததும், தனக்குத் தெரிந்த ஜோடியையும் வாழ்த்திவிட்டு, மறுபடி சாப்பிடப் போனார்.

காலையில் முதல் கல்யாணம் நன்றாக முடிந்தது. அப்புறம் கெங்கவல்லிச் சனம் மேடையில் ஏறி நின்று போட்டோ எடுக்க ஆரம்பித்தது, எடுத்தது, எடுத்துக்கொண்டே இருந்தது. ஆறரை ஆயிற்று. ஆறே முக்கால் ஆயிற்று. பேனரில் ஆறு மணிக்கு மேடை காலி என்று எழுதியிருந்தேன், ஆனால் எழுத்தா வந்து ஆளை இறக்கும். சுகன்யா பக்கத்து அறையில் மாலையோடு உட்கார்ந்திருந்தாள். தாய்மாமன் என்னிடம் வந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார். நான் போய்க் கெங்கவல்லிப் பெண்ணின் அப்பாவிடம் சொன்னேன். அவர் மேடையில் ஏறி, கீழே இறங்குங்க, அந்தப் பொண்ணுக்கு நேரம் போகுது, மிச்ச போட்டோவை வேப்ப மரத்தடியில எடுத்துக்கலாம் என்று சொல்லிவிட்டு, தன் மகளையும் மருமகனையும் தானே கையைப் பிடித்து அழைத்துப் போனார். ஏழு பத்துக்குச் சுகன்யாவுக்குத் தாலி கட்டினார்கள். கெட்டிமேளம் கொட்டியபோது நான் அழுதேன். அட்சதையை எறிய மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு அழுதேன், பக்கத்திலிருந்தவர்கள் பெண்ணுக்கு நெருங்கிய சொந்தம் போல என்று நினைத்துக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். காலில் விழுந்து எழுந்தபோது சுகன்யா அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டார். மாமன் மன்னிப்புக் கேட்டுவிட்டார், சம்பந்தி வீட்டார் சிரித்துப் பேசினார்கள். அப்பா சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும் அப்படியே நின்றது.

மறுநாள் அலுவலகத்தில் புகார்ப் பதிவேட்டைத் திறந்தேன். அதுவும் ஒரு படிவம்தான், அதுவும் நான் செய்ததுதான். "காரணம்" என்ற இடத்தில் தேர்ந்தெடுக்க மூன்று இருந்தன: பயனர் பிழை, சர்வர் பிழை, இணைப்புப் பிழை. நாங்கள் தப்பு செய்திருப்போம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதே இல்லை, பாருங்கள் திமிரை. நான்காவதாகப் படிவத்தின் பிழை என்று ஒன்றைச் சேர்த்து, அதைத் தேர்ந்தெடுத்துக் கீழே என் பெயரைப் போட்டேன். வாடிக்கையாளர் பார்த்தால் என்ன நினைப்பார் என்றார் மேலாளர். மைக்கில் சொல்லியாயிற்று சார், ராசிபுரம் வரைக்கும் கேட்டிருக்கும் என்றேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார், ஆனால் அழிக்கச் சொல்லவில்லை. நீங்கள் தினமும் பார்க்கிற அந்த நான்காவது வரி அப்படி வந்ததுதான்.

புதுப் படிவம் செய்தேன். மண்டபத்தின் சாவி உங்களுக்கு எப்போது வேண்டும், தாலி கட்டும் நேரம் என்ன, சாவியை எப்போது திருப்பித் தருவீர்கள். நிரப்பி முடித்ததும் ஒரு வாக்கியம் வரும்: "ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 3 மணிக்குச் சாவி வாங்குகிறீர்கள், திங்கட்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் திருப்பித் தருகிறீர்கள். சரிதானா?" இந்த முறை அலுவலகத்தில் யாரிடமும் காட்டவில்லை. நேரே குமாரபாளையம் போனேன், சுகன்யாவின் அப்பாவைத் தேடி.

தறிக்கூடம் ஓடிக்கொண்டிருந்தது. பேசுவது காதில் விழாது, வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். மனிதர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். எனக்கெங்கீங்க இதெல்லாம் வரும் என்று தயங்கினார். உங்களுக்கு வந்தால்தானுங்க இது படிவம் என்று கையில் திணித்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து, தன் பெயரிலேயே ஒரு கல்யாணத்தைப் பதிவு செய்தார். ஒரு தப்பு இல்லை. உறுதிச் செய்தி வீட்டிலிருந்த அவருடைய போனுக்குப் போய்விட்டது. அவருடைய சம்சாரம் போனோடு வாசலுக்கு வந்து, யாருக்குங்க கல்யாணம், பேரு உங்க பேராட்டம் இருக்குது என்று கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. பழைய படிவம் இருக்கிறதா என்று கேட்டார். திறந்து கொடுத்தேன். பெயரைப் போட்டார். நிகழ்ச்சி தொடங்கும் நேரம் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஞாயிற்றுக்கிழமையை அழுத்தினார், மாலை ஆறு மணியை அழுத்தினார். சம்சாரத்தின் கையிலிருந்து போனை வாங்கி மகளைக் கூப்பிட்டார். முதலில் மெதுவாகத்தான் சொன்னார். தறிச் சத்தத்தில் அந்தப் பக்கம் கேட்கவில்லை போலிருக்கிறது, என்னப்பா, என்னப்பா என்று அவள் கேட்பது எனக்கே கேட்டது. மறுபடி சொன்னார், அப்போதும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"சாமி, நானும் ஞாயித்துக்கெழமைன்னுதான் போட்டேன்."